குப்பைக்கீரைக்கும் ஓரிடம் வேண்டும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்புக்களைக் கணக்கெடுக்கும் படிவங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். வீடு, கிணறு, தென்னை, மாடு, வள்ளம், நெல்வயல் என்று அவற்றிலே நிரல்கள் உண்டு. கீரை ஆயும் இடத்திற்கு மட்டும் நிரல் இல்லை. பட்டிக்குப் பின்புறம், கிணற்றடி, சேனையின் ஓரம், வரம்புக்கரை என்று எமது தாய்மார் தினமும் ஒரு பிடி இலைக்கறி எடுத்துவந்த இடங்களை எவரும் எழுதுவதில்லை. அவற்றை இழந்தவர்களும் சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்காத பொருளை இழப்பு என்று சொல்ல எமக்கே கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சத்தை விட்டுப் பேசவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். கிரான் பகுதியிலும் அதற்கு அப்பால் புலிபாய்ந்தகல், பொண்டுகள்சேனை, திகிலிவெட்டை, குடும்பிமலை, வடமுனை ஆகிய இடங்களிலும் இருந்து எழும்பி, மீண்டும் திரும்பி, சிலர் இன்னும் திரும்பாமலும் இருக்கிற குடும்பங்களுக்கு, குப்பைக்கீரை என்பது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் செடி எங்கே வளர்கிறது, எங்கே வளர மறுக்கிறது என்று பார்த்தால், எமது வாழ்க்கையைப் பற்றியே பல செய்திகள் தெரியவரும்.

எந்தக் கீரையைச் சொல்கிறோம்?

கீரை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதிலே பல வகைகள் உண்டு. சந்தையிலே கட்டாக வரும் தண்டங்கீரையும் சிவப்புக்கீரையும் விதைத்து வளர்ப்பவை. நாம் பேசுவது விதைக்காமல் முளைப்பவற்றை. அவற்றுள் முதலாவது குப்பைக்கீரை. முழங்கால் அளவு உயரம், மெல்லிய பச்சைத் தண்டு, நுனியிலே சற்றுப் பிளந்த இலை, உச்சியிலே பச்சை நிறத்திலே மெலிந்த கதிர். தாவரவியலாளர் இதனை அமராந்தஸ் விரிடிஸ் என்பர். இரண்டாவது முள்ளுக்கீரை. இலை தண்டோடு சேருமிடத்தில் இரண்டு கூரிய முட்கள் இருப்பதால் எவருக்கும் உடனே தெரியும். இது அமராந்தஸ் ஸ்பைனோசஸ். சிங்கள மக்கள் இவ்வகைக் கீரைகளைத் தம்பளா என்று அழைத்து எம்மைப் போலவே உண்கிறார்கள்.

இவற்றுக்கு உறவினரும் உண்டு. ஈரமான வரம்பிலும் வாய்க்கால் கரையிலும் படரும் பொன்னாங்காணி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வேலியோரத்து நாயுருவியும் அப்படியே. ஆனால் குணத்திலே பெரிய வேறுபாடு உண்டு. பொன்னாங்காணி தண்ணீரிலே கால் நனைத்து நிற்கும். குப்பைக்கீரையோ தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். எனவே இரண்டும் அருகருகே இருந்தாலும் ஒன்று பள்ளத்திலும் மற்றது மேட்டிலும் இருக்கும். வயலும் மேட்டுநிலமும் கலந்த எமது பகுதியிலே, ஒரு தாய் நாலு எட்டு நடந்தால் இரண்டையும் ஆய்ந்துவிடலாம்.

அதன் வாழிடம் எது?

காட்டுக்கீரை என்றதும் அது காட்டிலே வளர்வது என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பிமலைப் பக்கத்துக் காட்டின் உள்ளே நுழைந்து தேடினால் குப்பைக்கீரையைக் காண்பது அரிது. பெரிய மரங்களின் நிழல் அதற்கு ஆகாது. அதற்கு மூன்று பொருட்கள் வேண்டும்: வெறுமையாய்க் கிளறப்பட்ட மண், தடையில்லாத வெயில், நைதரசன் மிகுந்த எரு. இந்த மூன்றும் ஒன்றாய்ச் சேரும் இடம் எது? மனிதரும் மாடும் இருக்கும் இடம். பட்டி, எருக்கும்பி, அடுப்படிச் சாம்பல் கொட்டும் மூலை, பாத்திரம் கழுவும் இடம், முதல் மழைக்குக் கொத்திய சேனை, வண்டிப்பாதையின் ஓரம். ஆகவேதான் எமது முன்னோர் அதற்குக் குப்பைக்கீரை என்று பெயரிட்டனர். அந்தப் பெயரே அதன் வாழிடத்தைச் சொல்லிவிடுகிறது.

மனிதர் வருமுன் இச்செடிகளின் இனம் எங்கே வாழ்ந்தது என்று கேட்கலாம். ஆற்றங்கரைகளிலே என்று சொல்லலாம். வெள்ளம் வந்து கரையை அரித்து, பழைய செடிகளை வாரிக்கொண்டுபோய், புதிய வண்டலைப் படியவிட்டுச் செல்லும். அந்த வெறும் மண்ணிலே முதலில் முளைக்கும் செடிகளுள் இவையும் அடங்கும். பின்னர் மனிதன் நிலத்தைக் கிளறத் தொடங்கியபோது, வெள்ளம் செய்த வேலையை மண்வெட்டி செய்தது. கீரையும் ஆற்றங்கரையை விட்டு மனிதனின் வளவுக்கு வந்தது. முள்ளுக்கீரை அமெரிக்காவின் வெப்பமான தாழ்நிலங்களிலிருந்து கடல்கடந்து எமது நாட்டிற்கு வந்தது. இன்று அதை எவரும் அந்நியன் என்று சொல்வதில்லை. இடம்பெயர்ந்து வந்த செடியும் ஊரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதன் விதை மிகச் சிறியது, கறுப்பாய் மினுங்கும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். மண்ணின் ஆழத்தில் போய்விட்டால் அவை முளைக்காமல் ஆண்டுக்கணக்கில் உறங்கும். நிலத்தைக் கொத்தி அவற்றை மேலே கொண்டுவந்தால், வெளிச்சமும் ஈரமும் பட்டதும் ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும். ஐப்பசி மழையோடு எமது மேட்டுநிலங்களில் திடீரென்று பச்சை விரிவது இதனால்தான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெயில் கடுமையாகி ஈரம் குறையும் காலத்தில் நெல் வாடும்; குப்பைக்கீரை வாடாது. சோளனைப் போன்று இதுவும் ஒளித்தொகுப்பைக் குறைந்த தண்ணீரோடு விரைவாகச் செய்யும் வகையைச் சேர்ந்தது. பெரும்போக மழையும் அதன்பின் நீண்ட கோடையும் உள்ள எமது மாவட்டத்திற்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

மனிதர் போனபின்

குப்பைக்கீரையின் வாழிடம் மனிதரின் வாழிடமே என்றால், மனிதர் துரத்தப்பட்டால் அதற்கு என்ன நேரும்? எமது பகுதியின் கடந்த காலம் இதற்குப் பதில் சொல்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது ஊர்கள் வெறுமையாகின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. 2007இன் முற்பகுதியில் படுவான்கரையிலிருந்தும் கிரானின் மேற்குப் பக்கமிருந்தும் மக்கள் பெருந்தொகையாக எழும்பினர். 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் தம் வாழ்நாளிலே பலமுறை மூட்டை கட்டியிருப்பார்.

ஆட்கள் போன முதல் ஆண்டிலே, கைவிட்ட வளவிலே கீரை செழித்து நிற்கும். ஆய்வதற்கு ஆள் இல்லாததால் ஆளுயரத்திற்கு வளர்ந்து விதை கொட்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் புல்லும் பற்றையும் மூடும். மாடு இல்லை, எரு இல்லை, மண்வெட்டி இல்லை. நிழல் விழ விழக் கீரை குறைந்து, ஈற்றில் இல்லாமற் போகும். வளவு காடாகிவிட்டது என்று நாம் சொல்வோம். ஆனால் விதைகள் மண்ணுக்குள் இருக்கும். மக்கள் திரும்பிவந்து பற்றையை வெட்டி, நெருப்பு வைத்து, கொத்திய முதல் மழையிலே அவை முளைக்கும். மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றிற்கு உலர் உணவுப் பங்கீட்டு அரிசியோடும் பருப்போடும் சேர்ந்த முதல் பச்சை உணவு இதுவாகவே இருந்தது. கத்தரியும் வெண்டியும் காய்க்க இரண்டு மாதங்கள் செல்லும். குப்பைக்கீரை மூன்று கிழமையில் சட்டிக்கு வரும்.

ஆகவே ஓர் ஊர் திரும்பவும் ஊராகிவிட்டதா என்று அறிய, கூரைத் தகடுகளை மட்டும் எண்ணினாற் போதாது. வளவின் பின்மூலையையும் பார்க்கவேண்டும். அங்கே கீரை முளைத்திருந்தால், அங்கே கழுநீர் ஊற்றப்படுகிறது, சாம்பல் கொட்டப்படுகிறது, மாடு கட்டப்படுகிறது என்று பொருள். வீடு கட்டிக் கொடுத்தபின்னும் அது முளைக்கவில்லையென்றால், அந்த மீள்குடியேற்றத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கொள்ளலாம்.

இப்போது அதைத் துரத்துவது எது?

யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. ஆனால் குப்பைக்கீரையின் இடம் இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது. காரணங்கள் நான்கு என்று நாம் எண்ணுகிறோம்.

முதலாவது, களைநாசினி. முன்னர் சேனையிலும் கச்சான் தோட்டத்திலும் பெண்கள் வரிசையாக இருந்து களை பிடுங்கினர். பிடுங்கிய களையிலே கீரையை வேறாக்கி மடியிலே கட்டிக்கொண்டு வீடு வந்தனர். கூலியும் கிடைத்தது, கறியும் கிடைத்தது. இன்று முதுகிலே தாங்கியைக் கட்டிய ஒருவர் அரை நாளிலே அந்த வேலையை முடித்துவிடுகிறார். கூலியும் போயிற்று, கறியும் போயிற்று. கிளைபோசேற் என்னும் களைநாசினி எமது நாட்டில் 2015இல் தடைசெய்யப்பட்டது. 2022இல் அத்தடை நீக்கப்பட்டது. சட்டம் எப்படி மாறினாலும், வரம்பிலும் வேலியோரத்திலும் மருந்து தெளிக்கும் பழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது.

இரண்டாவது, கிறவல் கொட்டிய வளவு. வீட்டுத்திட்டக் காணிகளைத் துப்புரவு செய்யும்போது இயந்திரத்தால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, சேறாகாமல் இருக்கக் கிறவல் பரப்புகிறார்கள். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் உறங்கிக்கிடந்த விதைகள் அனைத்தும் அந்த மேல்மண்ணோடு போய்விடுகின்றன. இருபது ஆண்டுகளாக எரு போட்டுச் சேர்த்த வளவு மண் ஒரு மணித்தியாலத்தில் உழவு இயந்திரப் பெட்டியிலே ஏறிவிடுகிறது. பிறகு அதே குடும்பத்திற்கு வீட்டுத்தோட்டத் திட்டம் என்று விதைப் பக்கெற்றுக்களைக் கொடுக்கிறோம். கிறவலிலே எது முளைக்கும்?

மூன்றாவது, மாட்டின் இடம் போவது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியிலே தொடர் போராட்டத்தைத் தொடங்கியதை வாசகர்கள் அறிவர். மேய்ச்சற்தரை போனால் பாலும் தயிரும் போகும் என்று எல்லோரும் பேசினர். அது உண்மை. ஆனால் மாடு போனால் பட்டி போகும், பட்டி போனால் எரு போகும், எரு போனால் சேனையும் வளவும் மெலியும், கீரையும் மெலியும். பட்டிநிலத்திலே வளர்ந்த கீரையின் இலையையும் வெறும் மணலில் வளர்ந்ததன் இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

நான்காவது காரணம் எமது மனதிலே இருக்கிறது. குப்பைக்கீரை சாப்பிடுவது வறுமையின் அடையாளம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்துவிட்டோம். விருந்தாளி வந்தால் கீரைச்சட்டியை மூடிவைத்துவிட்டுக் கடையில் ரின்மீன் வாங்குகிறோம். யமேக்கா நாட்டு மக்கள் இதே குப்பைக்கீரையைக் கலலூ என்ற பெயரிலே தமது நாட்டின் சிறப்புணவாகப் பரிமாறுகிறார்கள். கிரேக்க நாட்டிலே கோடைகாலத்தில் இந்த இனக் கீரையை அவித்து, எலுமிச்சஞ்சாறும் ஒலிவ் எண்ணெயும் விட்டு உண்கிறார்கள். கிழக்கு ஆபிரிக்காவின் சந்தைகளிலே கீரைக்கட்டு நாளாந்தம் விற்பனையாகிறது. குப்பையிலே கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்று எமது பெரியவர்கள் சொன்னதை நாம் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சட்டியிலே என்ன இருக்கிறது?

போஷாக்கு பற்றிச் சில வார்த்தைகள். இவ்வினக் கீரையின் பச்சை இலை 100 கிராமில் ஏறத்தாழ 215 மில்லிகிராம் கல்சியம், 2 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்பு, 40 மில்லிகிராமுக்கு மேற்பட்ட விற்றமின் சி ஆகியன உண்டு. விற்றமின் ஏ ஆக உடலில் மாறும் பொருளும், கர்ப்பிணித் தாய்மாருக்கு வேண்டிய போலிக் அமிலமும் உண்டு. கோவா இலையோடு ஒப்பிட்டால் இரும்பிலும் கல்சியத்திலும் இது பலமடங்கு உயர்ந்தது. இருந்தும் நாம் கோவாவைக் காசு கொடுத்து வாங்கி, இதைக் காலால் மிதித்துப் போகிறோம்.

ஆனால் மிகைப்படுத்தல் ஆகாது. இலையிலுள்ள இரும்பு இறைச்சியிலோ மீனிலோ உள்ளதைப்போல இலகுவாக உடலிலே சேராது. அது சேர வேண்டுமானால் தேசிக்காய்ப் புளி விடவேண்டும்; அல்லது சிறிது மீனோ கூனியோ சேர்த்துச் சுண்டவேண்டும். சோறு தின்ற கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் இரும்பைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சிறிது சேர்ந்தால்தான் விற்றமின் ஏ உடலுக்கு ஆகும். கூனி போட்ட கீரைச் சுண்டலும் தேங்காய்ப்பால் விட்ட கீரைக்கறியும் எமது தாய்மார் அறிவியல் படித்துச் செய்தவையல்ல. எனினும் சரியாகவே செய்தார்கள்.

சில எச்சரிக்கைகளும் தேவை. இக்கீரையில் ஒட்சலேற்று என்னும் பொருள் உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் குறைத்து உண்ணவேண்டும். அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டால் அது குறையும். யூரியா அதிகம் போட்ட இடத்திலும், மழையில்லாமல் வாடிய செடியிலும் நைத்திரேற்று கூடியிருக்கும். அத்தகைய கீரையைப் பசித்த மாடு வயிறுமுட்டத் தின்றால் நஞ்சாகிவிடும். சமைத்த கீரையை மறுநாள் சூடாக்கிச் சிறு குழந்தைக்குக் கொடுக்கவேண்டாம். களைநாசினி தெளித்த வயலோரத்திலும், நகரக் குப்பைமேட்டிலும், வாகனம் ஓயாத வீதியோரத்திலும், மலசலகூடக் குழியருகிலும் ஆயவேண்டாம். நன்றாகத் தெரிந்த செடியை மட்டுமே ஆயுங்கள். பிள்ளைகளை அனுப்பும்போது அறிந்த பெரியவர் ஒருவரோடு அனுப்புங்கள்.

இரண்டு மறுப்புகள்

நாம் சொல்வதற்கு எதிராக இரண்டு நியாயங்கள் உண்டு. இரண்டையும் நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும்.

முதலாவது, விவசாயிகளிடமிருந்து வருவது. “சுவாமி, இது களை. கச்சானையும் சோளனையும் நெருக்கி விளைச்சலைக் குறைக்கிறது. முள்ளுக்கீரை கையையும் கிழிக்கிறது. இதை வளர்க்கச் சொல்கிறீர்களா?” இந்தக் கேள்வி நியாயமானது. முள்ளுக்கீரை உலகின் மோசமான களைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பயிர் முளைத்த முதல் ஐந்தாறு கிழமைகளில் களையை விட்டுவைத்தால் விளைச்சல் குறையும் என்பதிலே ஐயமில்லை. ஆகவே தோட்டத்தின் நடுவிலே கீரையை விடச் சொல்லவில்லை. எடுப்பது எப்படி என்பதே கேள்வி. மூன்று கிழமைப் பருவத்தில் கையால் பிடுங்கினால் அது களையெடுப்பும் அறுவடையும் ஆகும். மருந்து தெளித்தால் அது செலவு மட்டுமே. மருந்து என்றைக்கும் வெல்லும் என்றும் நினைக்கவேண்டாம். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே பருத்தி விவசாயிகள் கிளைபோசேற்றை மட்டும் நம்பி ஆண்டுதோறும் தெளித்தனர். 2005 அளவிலே, குப்பைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு களை அந்த மருந்துக்குச் சாகாத நிலையை அடைந்துவிட்டது கண்டறியப்பட்டது. பின்னர் பெருந்தோட்டங்களில் கூலிக்கு ஆள் பிடித்துக் கையால் களை பிடுங்கவேண்டி வந்தது. நாம் இன்னும் கைவிடாத முறைக்கு அவர்கள் பெருஞ்செலவோடு திரும்பினர்.

இரண்டாவது மறுப்பு எம்மை அதிகம் சிந்திக்க வைப்பது. காட்டு இலையைப் புகழ்ந்து பேசினால், “பாருங்கள், இந்த மக்கள் இலைகுழை தின்றே சமாளித்துக்கொள்வார்கள்” என்று சொல்லி நிவாரணத்தை வெட்டுபவர்களுக்கு நாம் வசதி செய்து கொடுக்கிறோமா? இந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது நாட்டில் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் கணக்கிட்டன. அதற்கு முந்திய ஆண்டில், 2021 மேயில், இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடுக்கப்பட்டு நெல் விளைச்சல் வீழ்ந்தது; நவம்பரில் தடை நீங்கியபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தோட்டம் செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து புத்திமதி வந்தது. நிலமும் தண்ணீரும் உள்ளவர்களுக்கு அது நல்ல புத்திமதி. பத்துப் பேர்ச் கிறவல் நிலத்தில் இருப்பவருக்கு அது கேலிப்பேச்சு.

ஆகவே நாம் தெளிவாகச் சொல்கிறோம். கீரை சோற்றுக்குப் பதில் அல்ல. நூறு கிராம் கீரை ஒரு வயிற்றை அரைமணி நேரமும் தாங்காது. அரிசி, பருப்பு, மீன், பால், கூலி, காணி உறுதி ஆகியவை மக்களின் உரிமைகள். அவற்றைக் கேட்பதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. கீரையைப் பற்றிப் பேசுவது அந்தக் கோரிக்கையைக் குறைப்பதற்கல்ல, அதோடு சேர்ப்பதற்கே. காணியைத் திருப்பித் தாருங்கள் என்னும்போது வீட்டின் நான்கு மூலைக்கல்லை மட்டும் நாம் கேட்கவில்லை. பட்டியும் எருக்கும்பியும் வரம்பும் வழிநடையும் சேர்ந்ததே எமது காணி. தாய் ஒருத்தி எவரிடமும் கேளாமல், எவருக்கும் கடன்படாமல், ஒரு நேரக் கறியைக் கொண்டுவரக்கூடிய சுதந்திரம் அந்தக் காணியிலே இருக்கிறது. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும் இக்காலத்தில் அந்தச் சிறு சுதந்திரத்தின் பெறுமதி எமது பெண்களுக்கு நன்கு தெரியும்.

என்ன செய்யலாம்?

குடும்பங்களுக்கு முதலில் சொல்கிறோம். வளவிலே பத்தடிக்குப் பத்தடி ஓர் இடத்தை விடுங்கள். கிறவல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் அதை அள்ளி ஒதுக்கிவிட்டு, குளத்து வண்டலும் மாட்டெருவும் சாம்பலும் போட்டுக் கொத்துங்கள். தண்ணீர் தேங்காமல் ஒரு சாண் உயர்த்துங்கள். விதைக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. முற்றிக் காயும் கதிரைக் கொய்து, பாய் விரித்து உதறினால் விதை விழும். ஒரு பங்கு விதையோடு பத்துப் பங்கு மணல் கலந்து மேலாகத் தூவுங்கள், ஆழப் புதைக்கவேண்டாம். மூன்று நான்கு கிழமையில் வேரோடு பிடுங்காமல், அடியில் நாலு விரல் விட்டு நறுக்கினால் பக்கத்தளிர் வரும். பூக்குமுன் ஆய்ந்தால் இலை மெதுவாக இருக்கும். இரண்டு செடிகளை மட்டும் விதைக்கு விடுங்கள், மற்றவற்றைப் பூக்கவிடாதீர்கள். அவ்வாறு செய்தால் அயலவரின் தோட்டத்திற்குக் களை பரவாது. முள்ளுக்கீரையை வளவில் வளர்க்கவேண்டாம். வெளியில் கண்ட இடத்தில் முள் முற்றுமுன் ஆய்ந்துகொள்ளுங்கள்.

வயற்காரருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். மருந்து தெளிக்க முன்பு இரண்டு நாள் அவகாசம் கொடுத்து அயலிலுள்ள பெண்களுக்கு அறிவியுங்கள். வந்து பிடுங்கிக்கொள்வார்கள், உங்கள் மருந்துச் செலவும் குறையும். தெளித்த இடத்திலே ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் அருகிலுள்ள வரம்புகளில் தெளிக்கவே வேண்டாம். இதைக் கமக்காரர் அமைப்புக்களின் கூட்டங்களிலே ஆரம்பக் கூட்டத் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம். பெரும்போகத்திற்கு முன்னர் தண்ணீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கும் எமக்கு இது பெரிய காரியமல்ல.

உத்தியோகத்தர்களுக்கும் எம்மைப் போன்று கிராமங்களில் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் மூன்று விடயங்கள். வீட்டுத்திட்டத்திற்குக் காணி துப்புரவு செய்யும்போது மேல்மண்ணை ஓர் ஓரத்தில் குவித்துவைத்து, வீடு முடிந்ததும் வளவிலே திருப்பிப் பரப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலே அதை ஒரு வரியாக எழுதினாற் போதும். மீள்குடியேற்றத் திட்டம் வரையும்போது ஊரின் வயதான பெண்களைக் கூட்டி, எங்கே எந்த இலை ஆய்ந்தீர்கள், எந்தப் பாதையால் போனீர்கள் என்று கேட்டு வரைபடத்திலே குறியுங்கள். வேலி அடைக்கும்போது அந்தப் பாதைகள் திறந்திருக்கட்டும். பாடசாலை மதிய உணவிலே கிழமைக்கு இரண்டு நாள் இக்கீரையைச் சேருங்கள். பெற்றோரிடமிருந்தே அதை வாங்குங்கள். ஆசிரியரும் பிள்ளைகளோடு இருந்து அதை உண்டால், பிள்ளைகளின் கூச்சம் ஒரு தவணையிலே போய்விடும்.

மாரியிலே வெள்ளம் பாய்ந்து கிரான்–புலிபாய்ந்தகல் வீதி மூடப்பட்டு, அக்கரைக்குப் படகில் போகவேண்டிய நிலை ஆண்டுக்காண்டு வருகிறது. அந்த நாட்களில் மரக்கறி வண்டி வராது. கடையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் தீர்ந்துவிடும். மேட்டிலே உயர்த்திய ஒரு கீரைப்பாத்தி அக்கரைக் குடும்பம் ஒன்றிற்கு அப்போது எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப்பாருங்கள். பாலத்தையும் வீதியையும் உயர்த்தித் தரும்படி கேட்பது எமது கடமை, கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரைக்கும் பாத்தியை உயர்த்துவது எமது கையிலே இருக்கிறது.

இந்த ஐப்பசி மழைக்கு இன்னும் காலம் உண்டு. இப்போதே வளவைச் சுற்றிப் பார்த்து, வெயில் விழும் ஒரு மூலையைத் தெரிவுசெய்யுங்கள். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல் உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோ இருக்கும் குடும்பங்கள், ஒரு சிறு போத்தலிலே கீரை விதையைக் காயவைத்து மூடி வைத்திருங்கள். உறுதியோடும் வரைபடத்தோடும் அதையும் பத்திரப்படுத்துங்கள். திரும்பும் நாளில் முதலில் தூவவேண்டிய விதை அதுவே.